கிழ வண்டிக்குக் கணப்பு

மோட்டார் வண்டியின் எஞ்சின் சூடேறிவிட்டால் என்ன செய்வது என்பதை நம் நேயர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சாலையோரத்து மரத்தடியில் உட்கார்ந்து, அது ஆறும் வரையில் காத்திருந்த அனுபவம் அநேகமாக எல்லாருக்கும் உண்டு. ஆனால் எஞ்சினுக்குக் குளிர் கண்டு, அதற்குக் கணப்புப் போட வேண்டிய தேசங்களும் இந்தப் பூமியில் இருக்கின்றன. நாம் குடியிருக்கும் வின்னிபெக் நகரம், கானடாவில் அத்தகைய இடங்களுள் ஒன்று.

ஜனவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி ஸென்டிகிரேட் என்றால் யாரும் அதை ஒரு செய்தியாகவே கருதுவதில்லை. 40 டிகிரிக்கு இறங்கினால்தான் ஜனங்கள் அதைப் பற்றிச் சற்றுப் பேசத் தொடங்குகிறார்கள். அந்த 40-ல் ஒரு விசேஷமும் உண்டு. ஸென்டிகிரேட், பாரன்ஹீட் என்ற இரண்டு அளவுகளும் பகைமை மறந்து ஒன்றாகச் சேரும் இடம் அது ஒன்றுதான்!

அந்தக் குளிரில் எஞ்சின் எண்ணெய் பாகு போல் இறுகிவிடுகிறது. எஞ்சினைச் சுழற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். பலம் கொடுக்க வேண்டிய பாட்டரியோ, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியிலேயே தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து நிற்கிறது. பாரம் ஏறும்போது மாடு இளைத்தால் வண்டி எப்படி நகரும்?

நமது வண்டிக்கு வயது 25-க்கு மேல். அதை விற்றுவிடும்படி சிநேகிதர்கள் பலர் உபதேசித்தார்கள். நமக்கு அதில் பிடிவாதம் ஒன்றும் இல்லை, பணந்தான் இல்லை. ஆனால் நமது மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறாள். காலை 7 மணிக்கு அவள் போய்ச் சேராவிட்டால், இரவு முழுவதும் கண் விழித்த இன்னொரு பெண் நோயாளிகளை விட்டு வீடு திரும்ப முடியாது. டிஸம்பர் மாதத்தில் ஒரு வாரத்துக்குள் இரண்டு முறை வண்டி முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. இரண்டாம் முறை, யாரோ ஒருத்தி தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாமல் அங்கே காத்திருந்தாள் என்று மனைவி மாலையில் சொன்னாள். அதற்கு மேல் நாம் யோசிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார். நாற்பது வருஷம் மோட்டார் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "வண்டியை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?" என்று அவரிடம் கேட்டோம்.

"அதை எஞ்சினிடம் அல்லவா கேட்க வேண்டும்? சனிக்கிழமை என் கொட்டகைக்குக் கொண்டு வாருங்கள். பிளாக் ஹீட்டர் ஒன்று வாங்கி வாருங்கள்" என்றார்.

முற்காலத்தில் இந்தப் பிரதேசத்தார் இரவில் எஞ்சின் எண்ணெயை வடித்து அடுப்பருகில் வைத்து, காலையில் திரும்ப ஊற்றுவார்களாம். எஞ்சினுக்கு அடியில் தணல் சட்டி வைத்தவர்களும் உண்டு. எல்லைக்குத் தெற்கே, வட டக்கோடாவின் கிராண்ட் போர்க்ஸ் ஊரைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரீமன் என்பவர், எஞ்சின் தலையிலுள்ள ஒரு போல்ட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் மின்சாரக் கணப்பு ஒன்றை அமைத்தார். 1949-ம் ஆண்டு நவம்பரில் அதற்குப் பேடண்ட் பெற்றார். நாம் வாங்கியது வேறு வகை. எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்நீரையே நேராகச் சூடாக்குவது. 400 வாட் சக்தியுள்ளது.

எஞ்சினை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை எடுப்பதற்காகப் பக்கங்களில் வட்டத் துவாரங்கள் விடுகிறார்கள். பிறகு அவற்றைத் தகட்டு மூடிகளால் அடைத்துவிடுகிறார்கள். அவற்றில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹீட்டரை வைக்க வேண்டும். முதலில் ஆறின எஞ்சினிலிருந்து குளிர்நீரை ஒரு பாத்திரத்தில் வடித்தோம். அது தித்திக்கும் விஷம். நாயும் குழந்தையும் அணுகாமல் காக்க வேண்டும். கிழவர் மூடியின் ஓர் ஓரத்தில் உளி வைத்துத் தட்டினார். மூடி திரும்பியது; குறடு போட்டு இழுத்தார்.

வெளிவந்ததைக் கண்டு நாம் திடுக்கிட்டோம். உள்பக்கம் துருவேறி, அப்பளம் போல் மெலிந்திருந்தது!

"நடுச் சாலையில் இது விட்டிருந்தால், 35 டிகிரிக் குளிரில் அந்த அம்மாள் தனியே நின்றிருப்பார்" என்றார் கிழவர் மெதுவாக. கைக்கு எட்டிய மற்ற மூடிகளையும் அன்றே மாற்றிவிட்டோம்.

துவாரத்தைத் துருவறத் தேய்த்து, ரப்பர் வளையத்துக்கு மசகு தடவி, ஹீட்டரை நுழைத்தோம். அதன் கம்பி உள்சுவரைத் தொடலாகாது. அப்படியும் இப்படியும் மெல்லத் திருப்பிப் பார்த்தே திருகாணியை முடுக்க வேண்டும். பிறகு குளிர்நீரை நிரப்பிக் காற்றை வெளியேற்றி, எஞ்சினை ஓட்டி, ஒழுக்கில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டோம். அதன் பிறகே மின்சாரம். நீரில்லாமல் சூடேற்றினால் கம்பி எரிந்துபோகும். மின்கயிற்றைப் புகைக்குழாயும் விசிறியும் தீண்டாதபடி கட்டி, முன்பக்கச் சல்லடை வழியாக வெளியே விட்டோம். தரை இணைப்புள்ள கனத்த கயிற்றில்தான் அதைச் செருகுகிறோம்.

இராமுழுதும் எரியவிட வேண்டியதில்லை. ஒரு டைமர் அதிகாலை 3 மணிக்கு அதைத் தொடங்கி வைக்கிறது; மூன்று மணி நேரத்துக்கு ஒன்றேகால் யூனிட்டுக்கும் குறைவான செலவுதான். அந்தத் தை மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி காட்டிய ஒரு காலையில், நமது கிழ வண்டி முதல் திருகலிலேயே எழுந்தது. ஆஸ்பத்திரியில் இப்போது யாரும் நம் பொருட்டுக் காத்திருப்பதில்லை.

வயதானவர்களிடம் வேலை வாங்க விரும்புகிறவர்கள், முதலில் அவர்களுக்குச் சிறிது உபசாரம் செய்ய வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நமது மனைவி இதை முழு மனதுடன் ஆமோதிக்கிறாள். வண்டிக்கு மூன்று மணி நேர உபசாரம் நடக்கும் வீட்டில், அதே நேரத்தில் தனக்கு ஒரு டம்ளர் காபி போட்டு வைக்க ஏன் ஆள் இல்லை என்பது மட்டுமே அவளுடைய கேள்வி. அதற்கும் ஒரு டைமர் வாங்கும் வரையில், காலை 5 மணிக்கு நாமே எழுந்துகொண்டிருக்கிறோம்.