பங்குக் காசு நூறு ரூபா

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப சித்தி பையன் மெதுவா பக்கத்துல வந்து உக்காந்தான். பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சு நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. "அண்ணா, ஒரு ஐநூறு ரூபா ஜிபே பண்ணி விடுங்களேன், பசங்க எல்லாம் சேர்ந்து ட்ரீட்"னான். என்ன ட்ரீட்டுன்னு கேட்டேன். "பிரியாணி"ன்னு தரையைப் பார்த்துச் சொன்னான். பிரியாணிக்கு எவன்டா தலையைக் குனிவான்?

மொதல்லயே சொல்லிடுறேன் மக்களே, நான் குடிக்கிறதில்லை. இதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லை. முதல் தடவை வேண்டாம்னு சொன்னது கொள்கையால இல்ல, பயத்தால. எங்கம்மாவுக்கு மூக்கு அப்படி. பக்கத்துத் தெருவுல கருவாடு பொரிச்சா என்ன கருவாடுன்னு இங்கிருந்தே சொல்லும்.

அது 2015. எங்களுக்கும் அன்னைக்குத்தான் பிளஸ் டூ முடிஞ்சுது. ஊருக்கு வெளிய ஒரு வெங்காயப் பட்டறைக்குப் பின்னாடி ஏழெட்டுப் பேர். (பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் காய வைக்கிற பட்டறை பார்த்திருப்பீங்க. பின்னாடி உக்காந்தா ரோட்டுலேர்ந்து தெரியாது.) தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மது விற்கக் கூடாது. எங்கள்ல பாதிப் பேருக்கு 18 கூட ஆகல. ஆனா வாங்கிட்டு வந்து கொடுக்க எல்லா ஊர்லயும் ஒரு 'அண்ணன்' இருப்பாரே, அவருக்குக் கமிஷன் ஒரு கட்டிங்.

அதே வருஷம் ஜூலை 31-ஆம் தேதி காந்தியவாதி சசிபெருமாள் இறந்து போனார். மார்த்தாண்டம் பக்கத்துல உண்ணாமலைக்கடையில ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் டவர் மேல ஏறிப் போராடினவர். நான் இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல சேர்ந்த புதுசு. ரூம்ல எல்லாருக்கும் அந்தப் பேச்சுதான், ஒருத்தன் கண்ணெல்லாம் கலங்கிட்டான். அதே ரூம்ல சனிக்கிழமை பாட்டில் உருண்டுச்சு. நான் மிக்சர் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தேன். குடிக்காதவனுக்கு நம்ம செட்டுல அதானே வேலை :-)

இனிமே சொல்றதுதான் விஷயம்.

2017 ஜனவரி, பொங்கல் லீவு. ஸ்கூல் செட் மறுபடி சேர்ந்தோம். தலைக்கு நூறு ரூபா பங்கு. நான் குடிக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் நூறைக் கொடுத்தேன். கொடுக்கலேன்னா பந்தா பண்றான்பாங்க. எட்டு மணி வாக்குல கிளம்பினப்ப என் பழைய பெஞ்ச்மேட் பைக் சாவியைச் சுத்திக்கிட்டே "நான் ஸ்டெடி மச்சி"ன்னான். ஒரு குவார்ட்டர் போட்டிருந்தான். அங்க குடிக்காத ஒரே ஆள் நான். எனக்கு பைக் ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே பின்னாடி ஏறி உக்காந்தேன்.

சிறுவாச்சூர்ப் பக்கம் நாலு வழிச்சாலை. எதிர்ல வண்டி இல்லை, வளைவு இல்லை, நாய் கூடக் குறுக்க வரல. நேரா இருந்த ரோட்டுல நேராப் போய் மீடியன்ல ஏத்திட்டான். எனக்குத் தோள்ல ஆறு தையல். அவனுக்கு வலது கால்ல ரெண்டு ஆபரேஷன். எஸ்.ஐ. ஆகணும்னு தினம் விடியக்காலைல எளம்பலூர் ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்தவன் அவன்.

ஆஸ்பத்திரில அவங்கம்மா என்னைத் திட்டல. "நீதான் குடிக்கலையே சாமி, நீ ஓட்டியிருக்கலாமே?"ன்னு மட்டும் கேட்டாங்க. இன்னி வரைக்கும் அதுக்குப் பதில் வரல.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். குவார்ட்டர்னா 180 மில்லி. நம்மூர் பிராந்தி, விஸ்கியில பொதுவா 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படின்னா சுமார் 61 கிராம் சுத்தமான ஆல்கஹால். 60 கிலோ எடை உள்ள பையன் அதை வேகமா உள்ள தள்ளினா 100 மில்லி ரத்தத்துல 150 மில்லிகிராம் வரைக்கும் ஏறும். மோட்டார் வாகனச் சட்டத்துல வரம்பு 30. கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் கரைக்கும். எலுமிச்சம்பழம், மோர், பச்சைத் தண்ணிக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. எட்டு மணிக்கு 'ஸ்டெடி'யா இருந்தவன் ராத்திரி ரெண்டு மணிக்கும் ஸ்டெடி இல்லை.

மூளை விஷயம் இன்னும் மோசம். யோசிச்சு முடிவெடுக்கிற, 'வேணாம்டா'ன்னு பிரேக் போடுற முன்பகுதி முழுசா வளர்ந்து முடியவே சுமார் 25 வயசு ஆகுமாம். அந்த பிரேக்கையே மது முதல்ல தளர்த்துது. அமெரிக்காவுல 1990-கள்ல நடந்த பெரிய ஆய்வு ஒண்ணுல, 15 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சவங்கள்ல 100-க்கு 40 பேருக்கு மேல வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல குடிக்கு அடிமையானாங்க. 20 தாண்டி ஆரம்பிச்சவங்கள்ல அது பத்துப் பேர் அளவுதான். சீக்கிரம் குடிச்சதுதான் காரணமா, வீட்டுச் சூழலான்னு வாதம் இருக்கு. இருக்கட்டும். எங்க பட்டறை செட்டுல ரெண்டு பேர் இன்னைக்கு எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

நாங்க விழுந்த சமயத்துல நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடச் சொன்ன சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஏற்கனவே வந்தாச்சு. 2017 ஏப்ரல்ல மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேல கடைகள் மூடினாங்க. அதுக்குப் பதிலா ஊருக்குள்ள கடை வந்தப்ப பல ஊர்ல பொம்பளைங்கதான் ரோட்டுல உக்காந்தாங்க. அப்புறம், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபா தர்ற திட்டம் நீலகிரிக்குப் பிறகு எங்க பெரம்பலூருக்கும் வந்துச்சு. நல்ல திட்டம்தான், காட்டுல கால்ல கண்ணாடி குத்தாது. பாட்டில் திரும்பி வருது...

சரி, சித்தி பையன். கால் கதை, கணக்கு எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "நீங்களும் காசு குடுத்தீங்கள்லண்ணா?"ன்னான். சுருக்குன்னு இருந்துச்சு. "குடுத்தேன்டா. அதான் இப்ப குடுக்கல. பிரியாணிக்கு நேரா கடையிலயே கட்டிடுறேன். திரும்பி வர்றதுக்கு எத்தனை மணின்னாலும் எனக்கு போன் பண்ணு, ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்"னேன். சித்தப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனான்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு போன். "அண்ணா, நாலு ரோட்டுக்கு வர்றீங்களா? மூணு பேர் இருக்கோம். வண்டிச் சாவி என்கிட்டதான் இருக்கு."

கார்க் கதவைத் திறந்ததும் எனக்கு எங்கம்மா மூக்கு வந்துடுச்சு. முன் சீட்டுல ஏறினவன்கிட்ட பிரியாணி வாசனைதான். பின் சீட்டு ரெண்டு பேரைப் பத்தி இங்க எழுதல, கண்ணாடியை மட்டும் இறக்கி விட்டேன். ரெண்டு பேரையும் அவங்கவங்க வீட்டு வாசல்ல இறக்கிட்டு நாங்க வீடு வந்து சேர பத்தரை ஆச்சு. சாவியை அவன் கையிலேயேதான் வச்சிருந்தான்.