அயலிடத்தில் நம் பிள்ளைகளின் சாட்சி

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, இரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுக் காஜிப்பேட்டையில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஒரு சுவருக்கு அப்பால் தெலுங்குக் குடும்பம். மறு சுவருக்கு அப்பால் உருது பேசும் முஸ்லிம்கள். மாடியில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். இவ்விதழைப் படிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் வேறு சமயத்தினர் என்பதை அறிவேன். ஆயினும், தம் சமயத்தைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கொடுப்பது, அயலார் நடுவே அதை எவ்வாறு வெளிப்படுத்தச் செய்வது என்னும் கவலை, ஊரை விட்டு வந்த எல்லோருக்கும் பொதுவன்றோ? ஆகையால் எங்கள் வீட்டுச் செய்தியை எழுதத் துணிந்தேன்.

சொந்த ஊரில் இக்கவலை இல்லை. விடியற்காலையில் ஆலய மணி அடிக்கும். பாட்டி பிள்ளைகளை எழுப்பி அழைத்துச் செல்வார். அசனப் பண்டிகையன்று ஊரே பந்தியில் அமர்ந்து உண்ணும். பிள்ளைகள் அவற்றைக் கண்டே கற்றுக்கொள்வார்கள். இங்கோ பெற்றோருடைய வாயும் கையுமே அத்தனைக்கும் ஈடாக வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பத்து வயது மகன், விளையாட்டில் மூண்ட சண்டையில், அடுத்த வீட்டுச் சிறுவனைப் பார்த்து, "உங்கள் சாமிக்குக் காது கேட்காது" என்று சொல்லிவிட்டான். ஓய்வுநாட் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு பெற்றவன். தான் சாட்சி பகர்ந்ததாகவே எண்ணிக்கொண்டான். மறுநாள் முதல் அச்சிறுவன் வரவில்லை. அவன் தாயார் எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் மகள் காய்ச்சலாய்க் கிடந்தபோது பதினோரு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அம்மையார் அவர்! என் மனைவிக்கு அன்றிரவு உணவு செல்லவில்லை.

மகனை நான் அடிக்கவில்லை. "நீ பேசியபோது அவர்கள் கண்டது இயேசுவையா, உன் கோபத்தையா?" என்று மட்டும் கேட்டேன். நாங்கள் போய்ச் சமாதானம் பேசுவது எளிது. ஆனால் அவனே போக வேண்டும், அதுவும் தெலுங்கிலேயே பேச வேண்டும் என்று என் மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். இரண்டு வாக்கியங்களை மனனம் செய்ய அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. போனான், சொன்னான், அம்மையார் ஒன்றும் பேசவில்லையாம். பதினைந்து நாள் கழித்துச் சிறுவன் விளையாட வந்தான். பெரியவர்களின் உறவு சீர்ப்பட மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

அந்நாட்களில்தான் பிள்ளைகளுக்கு அசரியா அத்தியட்சரின் சரித்திரத்தைச் சொன்னேன். இங்கிருந்து விஜயவாடா செல்லும் மார்க்கத்தில் டோர்னக்கல் சந்திப்பு இருக்கிறதல்லவா? நம் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த தமிழர் அவர். திருநெல்வேலியார் 1903இல் தங்கள் காணிக்கையைக் கொண்டே நிறுவிய இந்திய மிஷனரி சங்கத்தின் மூலகர்த்தர்களுள் ஒருவர். 1909இல் டோர்னக்கலுக்குச் சென்று, நடுவயதில் தெலுங்கு கற்றுப் பணியாற்றினார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். 1939இல் பிரதிஷ்டையான அவருடைய பேராலயம், கோயில் மண்டபத் தூண்களையும் மசூதிக் குவிமாடங்களையும் ஒத்த அமைப்புடையது. அங்கு ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, தாம் அறிந்ததைப் பிறருக்கு அறிவிக்கும் கடமை தமக்கும் உண்டென்று அறிக்கையிடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். எழுத்தறியாத ஏழைக் கூலியாட்களும் அவ்வாறே செய்தனர்.

"அவர்கள் என்ன சொல்லி அறிவித்தார்கள்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அந்த ஏழைகளிடம் தர்க்கம் ஏது? குடியை விட்டதையும் சண்டையை விட்டதையும் அண்டை அயலார் கண்டு காரணம் கேட்டபோது, தெரிந்ததைச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டிலும் இப்பொழுது அதுவே ஏற்பாடு. கேட்டால் மறைக்கக் கூடாது. கேளாதபோது வலியச் சென்று பிறர் சமயத்தைத் தொடக் கூடாது. அரசியல் சட்டத்தின் 25ஆம் விதி சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, உண்மைதான். அடுத்த வீட்டு வாசலைத் திறக்க அச்சட்டம் உதவுமா? மகள் ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து டப்பாவில் போடுகிறாள். ஊரில் ஆலயத்திற்கென்று எடுத்துவைத்த பழைய வழக்கம். முஸ்லிம் வீட்டுப் பெண் அதைக் கண்டு கேட்க, இவள் விளக்க, "எங்கள் அம்மாவும் ரம்ஜானில் தானியம் கொடுப்பார்" என்று அவள் சொல்ல, இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அன்று சொன்னதைவிட அதிகமாகப் பிரசங்கியாரும் சொல்லியிருக்க முடியாது.

சென்ற கோடை விடுமுறையில் உறவினர் ஒருவர் தம் பிள்ளையையும் எங்கள் இரயில்வே பாஸில் மகனென்று காட்டி அழைத்து வரும்படி வேண்டினார். மறுத்து, டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு மனத்தாங்கல், இன்றும் கடிதமில்லை. என் பிள்ளைகள் இருவரும் அப்பேச்சைக் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர்.

இவ்வாண்டு கிறிஸ்து பிறந்த நாள் பஜனையில் தெலுங்குப் பாட்டுப் பாட அடுத்த வீட்டுச் சிறுவனையும் அழைக்கலாமா என்று மகன் கேட்கிறான். முதலில் அவன் தாயாரிடம் கேள், வேண்டாமென்றால் மறுபடியும் கேளாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அம்மையார் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.