கப்பை விட்டுக்கொடுத்த எதிரணி... நடக்காத ஒரு ஃபைனலின் கதை!

ஒரு கோல்கூட விழவில்லை. பந்தை யாரும் உதைக்கவே இல்லை. ஆனாலும், 2016 கோபா சுடாமெரிக்கானா இறுதிப்போட்டியை தென்னமெரிக்க ரசிகர்கள் இன்றும் மறக்கவில்லை.

அங்கே கிளப் அணிகளுக்கு லிபர்டடோரஸுக்கு அடுத்த பெரிய தொடர் இது. ஃபைனலுக்கு வந்த ஓர் அணி, கொலம்பியாவின் மெடலின் நகரைச் சேர்ந்த அட்லெட்டிகோ நேஷனல். அந்த ஜூலையில்தான் லிபர்டடோரஸை வென்றிருந்தது. இதையும் ஜெயித்தால் ஒரே வருடத்தில் இரண்டு கண்டக் கோப்பைகள்!

எதிரணி, பிரேசிலின் சாப்பகோயென்சே. 2009-ல் நான்காவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த சின்ன ஊர் கிளப். அரையிறுதியின் கடைசி நொடிகளில், கோலுக்கு மிக அருகிலிருந்து வந்த பந்தை கோல்கீப்பர் டேனிலோ காலால் தடுத்தார். அந்த ஒரு தடுப்புதான் அணியை ஃபைனலுக்கு அனுப்பியது.

நவம்பர் 28 இரவு, ஃபைனலின் முதல் ஆட்டத்துக்காக மெடலினுக்குப் பறந்த விமானம் எரிபொருள் தீர்ந்து மலைப்பகுதியில் விழுந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அதில் வீரர்கள் 19 பேர். டேனிலோவும் ஒருவர். பிழைத்த வீரர்கள் மூவர் மட்டுமே.

கப் யாருக்கு என்ற கேள்வியை யாரும் எழுப்பும் முன்பே நேஷனல் முந்திக்கொண்டது. 'பட்டத்தை சாப்பகோயென்சேவுக்கே கொடுங்கள்' என்று தென்னமெரிக்க கால்பந்துக் கூட்டமைப்பிடம் கேட்டது. நவம்பர் 30, ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் மெடலின் அரங்கம் நிரம்பி வழிந்தது. வெள்ளை உடை, கையில் மெழுகுவத்தி. தங்கள் அணியை எதிர்த்து ஆட வந்தவர்களுக்காக அந்த ஊரே அழுதது.

டிசம்பர் 5-ம் தேதி சாப்பகோயென்சே சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. நேஷனலுக்கு நியாய ஆட்டத்துக்கான சிறப்பு விருதும் 10 லட்சம் டாலரும் கிடைத்தன. அடுத்த ஜனவரியில், சொந்த மைதானத்தில் பிழைத்த மூவரும் கோப்பையைத் தூக்கினார்கள். ஒரு காலை இழந்த கோல்கீப்பர் ஜாக்சன் ஃபோல்மன் சக்கர நாற்காலியில் இருந்தார்.

கதை இதோடு முடியவில்லை. இரண்டு கோப்பைகளின் சாம்பியன்கள் மோதும் ரெகோபா தொடரில், 2017-ல் இதே அணிகள் சந்தித்தன. புதிதாகத் திரட்டப்பட்ட சாப்பகோயென்சே, சொந்த ஊரில் 2-1 என ஜெயித்தது. மெடலினில் நேஷனல் 4-1 என ஜெயித்து கோப்பையை எடுத்துக்கொண்டது.

இந்த முறை விட்டுக்கொடுக்கவில்லை. அதுவும் மரியாதைதான். துக்கத்தில் இருப்பவருக்குத் தோள் கொடுக்க வேண்டும். எழுந்து ஆட வந்துவிட்டால், சமமான எதிரியாக நினைத்து முழு மூச்சோடு ஆட வேண்டும். பரிதாபப்பட்டு ஒரு கோல் விட்டுக்கொடுத்திருந்தால், அது சாப்பகோயென்சேவுக்கு அவமானமாகியிருக்கும்.

மெடலின் ரசிகர்களுக்கு இரண்டும் தெரிந்திருந்தது.