இரவு ஒன்பது மணிக்கும் வெயில்

லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறையும்போது மணி இரவு 9.20 ஆகிவிடும். மறைந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் தங்கியிருக்கும். ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும் ஊரிலிருந்து செல்லும் நமக்கு, அந்நகரின் கோடைத் தொடக்கம் தரும் முதல் பரிசு இதுதான். வேலை முடிந்த பிறகும் ஒரு பகல் மிச்சம் இருக்கிறது.

அந்தப் பகல் எனக்குத் தேவைப்பட்டது. அலுவலகப் பணி ஒன்றுக்காகப் பிப்ரவரியில் லண்டன் சென்றேன். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பிய வாரங்கள் அவை. மாலை ஆறு மணிக்கு வேலை முடியும்போது சிங்கப்பூரில் பின்னிரவு இரண்டு மணி. ஏழு வயது மகளுடன் பேச முடிந்தது, காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கிடைத்த பத்து நிமிடங்களில்தான். திரையில் பாதி நேரம் அவள் நெற்றி மட்டும் தெரியும்.

ஜூன் முதல் வாரம் பணி முடிந்தது. பள்ளி விடுமுறை என்பதால் மனைவியும் மகளும் லண்டனுக்கே வந்து சேர்ந்தார்கள். கையில் எட்டு நாள். பாரிஸ், ஸ்காட்லாந்து என்று ஓட வேண்டாம், ஒரே நகரில் நிதானமாக இருப்போம் என்று முடிவு செய்தோம்.

ரோஜாக்களின் மாதம்

முதல் நாள் நேரமாற்றக் களைப்பில் அதிகாலை நான்கு மணிக்கே மகள் எழுந்துவிட்டாள். ஐந்து மணிக்குள் சூரியனும் வந்துவிட்டது. காலை உணவை முடித்துக்கொண்டு ரீஜண்ட்ஸ் பார்க் சென்றோம்.

அங்குள்ள குவீன் மேரி தோட்டத்தில் 12,000 ரோஜாச் செடிகள் இருக்கின்றன. பெரும்பாலான பாத்திகளில் ஒவ்வொன்றிலும் ஒரே ரகம். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில்தான் அவை உச்சத்தில் பூக்கும். நம் ஊரில் கண்ணாடிக் கூடத்துக்குள் குளிரூட்டி வளர்க்கும் பூ, இங்கே திறந்த வெளியில் கொத்துக் கொத்தாகத் தலையாட்டுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு பாத்தியாக மூக்கை வைத்து முகர்ந்து, எது அதிகம் மணக்கிறது என்று மகள் மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை.

வழியில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெரி வாங்கினோம். உள்ளூர்ப் பழத்துக்கு இதுதான் பருவம். கேமரன் மலையில் சாப்பிட்ட புளிப்பை நினைத்துத் தயங்கிய மனைவி, முதல் பழத்துக்குப் பிறகு பெட்டியைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அலுவலகங்களுக்கு நடுவே

நான் நான்கு மாதம் வேலை பார்த்த சிட்டி வட்டாரத்தையும் அவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும் நிறைந்த அந்த இடத்தில், சந்துகளுக்குள் சின்னச் சின்னத் தோட்டங்கள் ஒளிந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட். 1941ல் குண்டுவீச்சில் சிதைந்த தேவாலயம் இது. கோபுரமும் சில சுவர்களும் நின்றன. அவற்றை இடிக்காமல் பிற்பாடு பூங்காவாக்கிவிட்டார்கள். கண்ணாடி இல்லாத சன்னல்களில் இப்போது கொடிகள் படர்ந்திருக்கின்றன. மதியம் ஒரு மணிக்கு அலுவலக ஊழியர்கள் சாண்ட்விச்சுடன் வந்து, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி உட்கார்ந்திருப்பார்கள்.

செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்கு அருகே போஸ்ட்மேன்ஸ் பார்க் இருக்கிறது. பக்கத்தில் இருந்த தலைமை அஞ்சலக ஊழியர்கள் மதிய உணவுக்கு வந்ததால் அந்தப் பெயர். ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் 1900ல் இங்கே ஒரு நினைவுச் சுவர் அமைத்தார். மன்னர்களுக்கோ தளபதிகளுக்கோ அல்ல, பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட சாதாரண மனிதர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் ஓடுகளில் எழுதிய சில வரிகள்.

1885ல் தீப்பிடித்த வீட்டில், அக்காளின் பிள்ளைகளைச் சன்னல் வழியே மெத்தையின் மேல் போட்டுவிட்டு உயிரிழந்த ஆலிஸ் ஏயர்ஸ் என்ற பெண்ணின் கதையை மகளுக்குச் சொன்னேன்.

“அந்த அக்கா முதல்ல ஏன் குதிக்கல?”

“பிள்ளைங்க உள்ள இருந்தாங்கல்ல, அதான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அடுத்த ஓட்டைக் காட்டி, “இவங்க கதை என்ன?” என்றாள். அப்படியே பத்துப் பன்னிரண்டு பேரின் கதைகளைச் சொன்னேன். நான்கு மாதங்களில் நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றுதான்.

குன்றும் குமரனும்

ஒரு மாலை ஹேம்ஸ்டட் ஹீத் சென்றோம். கட்டடங்கள் விழுங்கிவிடாமல், 1871ல் சட்டம் இயற்றிப் பொதுமக்களுக்காகக் காப்பாற்றப்பட்ட புல்வெளியும் காடும் அது. அங்குள்ள பார்லிமென்ட் ஹில்லின் உயரம் 98 மீட்டர்தான். நம் புக்கிட் தீமா ஏறியவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் உச்சியில் நின்றால் முழு நகரமும் கீழே தெரியும்.

அங்கிருந்து ஹைகேட் பக்கம் நடந்தால் ஆர்ச்வே சாலையில் ஹைகேட் ஹில் முருகன் கோயில். குன்று இருக்கும் இடத்தில் அவர் இல்லாமலா? பூசை முடிந்ததும் மூதாட்டி ஒருவர் மகளிடம் யாழ்ப்பாணத் தமிழில், “சாப்பிட்டனியோ பிள்ளை?” என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். அர்த்தம் சொன்னதும், “இல்ல பாட்டி” என்றாள். கை நிறையப் பிரசாதம் வந்தது.

வெளியே வந்தபோது மணி எட்டரை. வெயில் மரங்களின் மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. “சூரியனே இன்னும் தூங்கல, நான் மட்டும் ஏன் தூங்கணும்?” என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. பேருந்தின் மேல்தளத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து நகரின் நடுப்பகுதிக்குத் திரும்பினோம்.

மற்ற மாலைகளைத் தேம்ஸ் தென்கரைக்குக் கொடுத்தோம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பிரிட்ஜ் வரை சுமார் நான்கு கிலோமீட்டர். நின்று நின்று நடந்தால் மூன்று மணி நேரம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சிங்கப்பூரர்களும் மலேசியர்களும் புறப்படும் முன்பே மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும்.

தனிப் பயண அட்டை வாங்கத் தேவையில்லை. வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். ஒருமுறை பேருந்துக் கட்டணம் செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் கூடுதல் செலவின்றி வேறு பேருந்துகளுக்கு மாறலாம். சென்ட்ரல் ரயில் தடத்தில் குளிர்சாதன வசதி இல்லை, வெயில் நாளில் பேருந்தே மேல்.

பகலில் வெயில் அடித்தாலும் மாலைக் காற்று சில்லென்று இருக்கும். குழந்தைகளுக்கு ஒரு மேல்சட்டை அவசியம். புல் மகரந்தம் அதிகம் பறக்கும் மாதம் என்பதால், மூக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறையின் திரைச்சீலை தடிமனானதா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளைத் தூங்க வைக்க அது உதவும்.

பட்டியலைச் சுருக்குங்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், ஒரு நீண்ட மாலை. மாதக்கணக்காக உழைத்துக் களைத்தவர்களுக்கு அதுவே போதும்.