விகிதமும் மொத்தமும்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவரேனும் சதவீதத்தில் பெருமை பேசினால், மொத்தம் எவ்வளவு என்று கேட்போம். கொரோனாக் காலத்தில் பெரிய கம்பனிகள் வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கைகளையும் நான் அவ்வாறே வாசித்தேன்.

உலகம் வீட்டுக்குள் முடங்கிக்கிடந்த 2020 இல் வாக்குறுதிகளுக்குக் குறைவிருக்கவில்லை. விநியோகச் சங்கிலியையும் உள்ளடக்கி, 2030 ஆம் ஆண்டளவில் தனது நிகர காபன் வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதாக அப்பிள் நிறுவனம் ஜூலையில் அறிவித்தது. அதற்கு முந்திய மாதம் அமேசன் நிறுவனம் 200 கோடி டொலரில் காலநிலை நிதியமொன்றை ஆரம்பித்தது.

அவ்வாண்டுக்கான கணக்கை அமேசன் மறுவருடம் வெளியிட்டது. விற்பனையின் ஒவ்வொரு டொலருக்கும் உரிய காபன் வெளியேற்றம் 16 சதவீதம் குறைந்திருந்தது. மொத்த வெளியேற்றமோ 5.1 கோடி தொன்னிலிருந்து 6 கோடி தொன்னைத் தாண்டி, 19 சதவீதம் கூடியிருந்தது. அதில் ஏறத்தாழ முக்காற்பங்கு, விநியோகச் சங்கிலி உள்ளிட்ட மறைமுக வழிகளில் உண்டானது. கடைக்குப் போகமுடியாத மக்கள் இணையத்தில் வாங்கிக் குவித்தார்கள்.

இதில் பொய் எதுவுமில்லை. இரண்டு எண்களும் உண்மையே. ஆனால் வளிமண்டலம் விகிதத்தை அறியாது, தொன்களையே அறியும். கடல்மட்டம் உயர்வதை அஞ்சும் தீவொன்றின் மக்களாகிய எமக்கு இரண்டாவது எண்ணே முக்கியமானது. இத்தகைய அறிக்கைகள் இனியும் வரும். விகிதத்தைத் தலைப்பில் இடுமுன், மொத்தத்தை எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று இளம் பத்திரிகையாளர்கள் தேடிப் பார்க்கவேண்டும்.