மூன்று மணி நேரப் பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்துக்காரர்கள் ராஜாஜியைப் பற்றிப் பேசுவது, நெருங்கிய சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும். பெருமையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. அந்நாளைய சேலம் ஜில்லாவில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீலாகப் பேரெடுத்து நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1925-ல் திருச்செங்கோடு புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். 1937-ல் அவர் கொண்டுவந்த மதுவிலக்கு முதன்முதலில் அமலானதும் சேலம் ஜில்லாவில்தான். குடியை விட்ட குடும்பங்கள் அவரைக் கும்பிட்டன.

அதே ராஜாஜி 1952-ல் மறுபடி முதல் மந்திரியானார். மறு வருஷம் ஆரம்பக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளிக்கூடம். ஒரு பகுதிப் பிள்ளைகள் ஒரு வேளை, மற்றவர்கள் இன்னொரு வேளை. மீதிப் பொழுதில் வீட்டிலிருந்து தகப்பனாரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. இராசிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் குழித்தறி. தறிக்குழியில் இறங்கினால் மிதிபலகை எட்டாத வயசு எனக்கு. ஆகவே என் தொழிற்கல்வி, ராட்டையில் தார் சுற்றுவதோடு நின்றது. அது பாடமா, கூலியில்லாத வேலையா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பாரு மட்டும், "தறி எங்கே ஓடிப் போகுது? எழுத்துத்தான் ஓடிப் போகும்" என்று முணுமுணுப்பார்.

எனக்காவது தறி இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய தகப்பனார் பண்ணையத்தில் கூலியாள். அவன் எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது? ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். முதலில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு போனான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வருவதே நின்றுவிட்டது.

ராஜாஜியின் கட்சியையும் சொல்லத்தான் வேண்டும். சர்க்காரிடம் பணமில்லை, பள்ளிக்கூடம் காணாத பிள்ளைகளோ ஏராளம். இரண்டு வேளையாகப் பிரித்தால் அதே கட்டிடத்தில், அதே உபாத்தியாயரைக் கொண்டு இன்னும் பல பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். உடல் உழைப்பு கேவலமல்ல என்பதும் அவருடைய உறுதியான அபிப்பிராயம். காந்தியடிகளின் ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் அங்கே தொழிலைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுப்பார்கள்; நெசவாளி மகன் தச்சுவேலை பழகலாம். இங்கே தொழிலைத் தேர்ந்தெடுத்தது பிறந்த வீடு. பெரியார் இதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சட்டசபையில் 1953 ஜூலையில் நடந்தது, தொடர்கதை எழுதுகிறவர்களுக்குக்கூடத் தோன்றாத கட்டம். திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138! சபாநாயகரின் ஓட்டால் அது தோற்றது. பிறகு விஷயம் நிபுணர் குழுவுக்குப் போயிற்று. பருலேகர் தலைமையிலிருந்த அந்தக் குழு திட்டத்துக்குச் சாதகமாகவே சொல்லியும் எதிர்ப்பு அடங்கவில்லை. காங்கிரசுக்குள்ளேயே ராஜாஜியை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் எங்கள் இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு. 1918-ல் அவர்மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவரும் ராஜாஜிதான்! அரசியலில் சிநேகிதமும் விரோதமும் எப்படியெல்லாம் இடம் மாறுகின்றன, பாருங்கள்.

1954 ஏப்ரலில் காமராஜ் முதல் மந்திரியானார். மே மாதம் 18-ம் தேதி திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தவர் சி. சுப்பிரமணியம், ராஜாஜியின் மந்திரி சபையிலும் இருந்தவர். எங்கள் ஊரில் மறுபடி முழுநாள் மணி அடித்தது. நான் படித்து, தபாலாபீசில் உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆடு மேய்க்கப் போனவன் திரும்பி வரவில்லை. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்த பிறகு அவனுடைய தம்பி வந்தான். தட்டோடுதான் வந்தான், ஆனால் எட்டாவது வரை படித்தான்.

இன்று எண்பதை நெருங்கும் வயதில் சுற்றிப் பார்க்கிறேன். மூன்று மணி நேரம் போதும் என்றிருந்த சீமையில், இப்போது நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விடியுமுன் விளக்கெரிகிறது. இரவு வெகுநேரமாகியும் அணைவதில்லை. வெளி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அன்று, தகப்பன் செய்ததையே பிள்ளை செய்யட்டும் என்றார்கள். இன்றோ, தகப்பனுக்குக் கிடைக்காத டாக்டர் பட்டத்தைப் பிள்ளை வாங்கியே தீரவேண்டும் என்கிறார்கள். இரண்டு காலத்திலும் பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

2023-ல் மத்திய சர்க்காரின் விஸ்வகர்மா திட்டம் வந்தபோதும் தமிழ்நாட்டில் பழைய 'குலக்கல்வி' என்ற சொல்லே முதலில் எழுந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கைத்தொழில் யாருக்கும் இழிவல்ல, கற்றுக்கொள்ளட்டும். டாக்டர் வீட்டுப் பிள்ளை தார் சுற்றட்டும், நெசவாளி வீட்டுப் பெண் ரசாயனம் படிக்கட்டும். கூலிக்காரர் மகனுக்கு ஆடும் ஏரிக்கரையும் மட்டுமே பாடமாகிவிடக் கூடாது. அதற்கு மூன்று மணி நேரம் போதாது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.