ஆறு வாரம்

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு லேபியாபிளாஸ்டி நடந்தது. பிறப்புறுப்பின் உள் உதடுகளைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை. அழகுக்காக இல்லை. ஸ்கூட்டியில் அரை மணி நேரம் போனாலே உரசிப் புண்ணாகிவிடும். வருடக்கணக்காக.

டாக்டரம்மா முதலில் ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை. ஒருத்திக்கு இருப்பது போல் இன்னொருத்திக்கு இருக்காதும்மா என்றார். 2018-ல் வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில் 657 பெண்களை அளந்திருக்கிறார்கள். உள் உதட்டின் நீளம் 5 மில்லிமீட்டரிலிருந்து 100 வரை! பள்ளியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் எத்தனை வருட வெட்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆனாலும் உரசல் தொல்லை தீராததால் கடைசியில் ஆபரேஷன்தான் என்று முடிவானது. ஒரு மணி நேரம்தான். அன்றைக்கே வீடு. மூன்றாம் நாள் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்து அழுதுவிட்டேன். முன்பைவிட இரண்டு மடங்கு வீக்கம், ஒரு பக்கம் மட்டும் கருநீலம். வீக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராதாம், முழுசாக வடிய மாதங்கள்கூட ஆகுமாம். அம்மா ஐஸைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார். சிறுநீர் போகும்போது எரியும். மக்கில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் தாங்கலாம்.

தையல் தானாகக் கரைந்தது. பத்தாம் நாள் ஆபீஸ். ஸ்கூட்டி, நீச்சல், தாம்பத்தியம் எதுவும் ஆறு வாரம் கிடையாது. காய்ச்சல், துர்நாற்றம், நிற்காத ரத்தம் என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். தழும்பு, உணர்ச்சி குறைவது பற்றி முன்கூட்டியே கேளுங்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

தோழிகளே, கேட்கக் கூச்சமாக இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.